கறுப்பு, வெள்ளைக் கட்டம்... ஃப்ரீமேசன் தரைக்குள் ஒளிந்திருக்கும் அர்த்தம்!

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நிற்கிறதே டி.ஜி.பி. அலுவலகம், அது போலீஸுக்காகக் கட்டப்பட்டதல்ல தெரியுமா? ஃப்ரீமேசன்கள் கூடுவதற்காக 1839-ல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் குடிவந்த காவல் துறை, 1874-ல் 20,000 ரூபாய் கொடுத்துச் சொந்தமாகவே வாங்கிவிட்டது.

ஃப்ரீமேசன்கள் கூடும் சபைக்கு ‘லாட்ஜ்’ என்று பெயர். நம்மூரில் ரூம் போடும் லாட்ஜ் அல்ல! கல் கொத்தனார்களின் பழைய வழக்கங்களை அடையாளமாக எடுத்துக்கொண்ட சகோதரத்துவ அமைப்பு இது. மூலைமட்டமும் கவராயமும்தான் சின்னம். 1717-ல் லண்டனில் தலைமைச் சபை உருவானது. 1752-லேயே மதராஸில் லாட்ஜ் வந்துவிட்டது.

தரையில் என்ன ரகசியம்?

லாட்ஜுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் போட்ட தரை அல்லது விரிப்பு. வெள்ளை பகல் என்றால் கறுப்பு இரவு. இன்பம் - துன்பம், நன்மை - தீமை என்று வாழ்க்கையின் இரண்டு பக்கங்களையும் அது குறிக்கிறது. வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே கால் வைத்து யாரும் நடந்துவிட முடியாது. வெற்றியில் ஆடாதே, தோல்வியில் துவளாதே என்பதே பாடம்.

இன்னோர் அர்த்தமும் உண்டு. எல்லாக் கட்டமும் ஒரே அளவு, ஒரே மட்டம். ரசமட்டம் வைத்துப் பார்த்த தரையில் ராஜாவும் கூலியும் சமம்.

சாலமோன் ராஜா கட்டிய ஆலயத்தின் தரை இப்படித்தான் இருந்தது என்பது மேசன்களின் மரபுக் கதை. பைபிளோ அந்தத் தரை பொன்னால் மூடப்பட்டிருந்ததாகச் சொல்கிறது! ஆரம்பத்தில் மேசன்கள் மதுக்கடை அறைகளில்தான் கூடினார்கள். சின்னங்களைச் சாக்பீஸால் தரையில் வரைவார்கள். கூட்டம் முடிந்ததும் அழித்துவிடுவார்கள். பிறகு வரைந்த துணி வந்தது, பலகை வந்தது.

தரை சமம்... வாசல்?

ராயபுரம், ஜார்ஜ் டவுன்வாசிகளுக்கு இந்த இரண்டு நிறமும் வேறொன்றை நினைவுபடுத்தும். அன்றைய மதராஸே இரண்டு கட்டம்தான். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ‘வெள்ளையர் நகரம்’. வெளியே, வடக்கே ‘கறுப்பர் நகரம்’. அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். அதைத் தாண்டினால் ராயபுரம். லாட்ஜ் தரையில் இரண்டு நிறமும் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஊரில் நடுவே மதில் நின்றது.

லாட்ஜின் கதவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களிலேயே திருச்சியில் மேசன் ஆகிவிட்டார். ஆனால், கல்கத்தாவைச் சேர்ந்த பிரசன்னகுமார் தத் 1863-ல் சேர விரும்பியபோது, பல தெய்வங்களை வணங்கும் இந்து என்று சொல்லி எதிர்ப்பு கிளம்பியது. அவர் விடவில்லை. ஒன்பது வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1872-ல் ‘ஆங்கர் அண்ட் ஹோப்’ லாட்ஜ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 12 வருடங்கள் கழித்து அதே லாட்ஜில் சேர்ந்த ஓர் இளைஞரை நமக்கெல்லாம் தெரியும். பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆன நரேந்திரநாத் தத்!

1961-ல் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை வந்தது. இன்று அவரவர் தங்கள் புனித நூலின் மீது உறுதிமொழி எடுக்கலாம். பெண்களுக்கு மட்டும் அந்தச் சபையில் இன்னும் இடமில்லை.

தரையைச் சமமாகப் போடுவது கொத்தனார் வேலை. ஒரு நாளில் முடிந்துவிடும். அதில் எல்லோரையும் நிற்கவைப்பதுதான் மனிதர்களின் வேலை. அதற்குத்தான் நூற்றாண்டுகள் ஆகின்றன.