எலும்பு முறிவுக்கு அவசர அறுவை: எந்த மயக்கம் ஏற்றது?

கால் எலும்பு முறிந்த ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறீர்கள். அறுவைக்கு ஏற்பாடு நடக்கிறது. அப்போது மருத்துவர், "கடைசியாக எப்போது சாப்பிட்டார்?" என்று கேட்கிறார். முறிந்திருப்பது கால், வயிற்றைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? இதற்கு விடை தெரிந்து கொண்டால், அவசர அறுவையில் மயக்கமுறை எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

இரு வழிகள்

தொலைபேசி மணி ஒலிக்காதிருக்க இரண்டு வழிகள் உண்டு. கருவியின் ஒலியை நிறுத்திவிடலாம். அல்லது அதற்கு வரும் கம்பியைத் துண்டித்துவிடலாம். வலியும் இத்தகையதே. முறிந்த இடத்திலிருந்து நரம்பு வழியே செய்தி மூளைக்குச் சென்றால்தான் நாம் வலியை உணர்கிறோம்.

மூளையையே உறங்கச் செய்வது முழு மயக்கம். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈத்தர் ஆவியால் இதனைப் பலரறியச் செய்து காட்டினார்.

வழியிலேயே செய்தியை மறிப்பது இரண்டாவது முறை. மரப்பு மருந்துகள் நரம்பிழையில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைக்கின்றன. அதனால் மின்துடிப்பு மேலே செல்வதில்லை. நோயாளி விழித்திருப்பார், வலி மட்டும் இராது. 1898 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கீல் நகர அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பீயர், காசநோயால் கெட்டுப்போன கணுக்கால் மூட்டை அறுவை செய்வதற்காக ஒருவரின் முதுகில் கொக்கெய்ன் மருந்தைச் செலுத்தினார். முதுகுத்தண்டு மரப்பூசி மருத்துவத்தில் புகுந்தது இவ்வாறுதான். இன்று கொக்கெய்னுக்குப் பதில் வேறு மருந்துகள் பயன்படுகின்றன. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, நீர் நிரம்பிய பையில் இறங்குகிறது. 2 அல்லது 3 மில்லிலிட்டர் மருந்தே போதும். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும்.

வயிறு ஏன் முக்கியம்?

நீரோ சோறோ தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் உடனே இருமுகிறோம். முழு மயக்கத்தில் இந்தக் காவல் நின்றுவிடுகிறது. இரைப்பையில் உள்ள உணவும் அமிலமும் தொண்டைக்கு ஏறி நுரையீரலுள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் 1946 இல் இதனை விரிவாக விளக்கினார். முன்னரே நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முன் திட உணவை 6 மணி நேரமும், தெளிந்த நீரை 2 மணி நேரமும் நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

ஆனால் விபத்தில் இக்கணக்கு பொய்த்துவிடும். வலியும் அச்சமும், வலிக்காகத் தரும் சில மருந்துகளும் இரைப்பையின் இயக்கத்தை மந்தமாக்கிவிடுகின்றன. காலை 8 மணிக்கு இட்லி தின்றவர் 9 மணிக்கு அடிபட்டால், மாலையிலும் அவர் வயிற்றில் உணவு இருக்கக்கூடும். ஆகவே உணவுக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட நேரமே மருத்துவருக்கு முக்கியம்.

மூன்று நோயாளிகள்

சாப்பிட்டவுடன் விழுந்து முன்கை முறிந்தவர் ஒருவர். கைக்குரிய நரம்புகள் கழுத்தில் தோன்றி, காறையெலும்பின் அடியாகவும் அக்குள் வழியாகவும் செல்கின்றன. அவ்விடத்தில் ஊசியிட்டால் கை மட்டும் மரத்துவிடும். இருமும் திறன் கெடாது. இன்று மீயொலிக் கருவியின் திரையில் நரம்பைப் பார்த்தே ஊசி போடுகிறார்கள். எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நசுங்கிய கையில் தசைகளின் வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைப்படுமானால், அதை முதலில் அறிவிப்பது கடும் வலிதான். மரத்த கை அதை அறிவிக்காமற் போகலாம். அத்தகைய காயங்களில் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் கலந்து பேசியே முடிவு செய்வர்.

அடுத்தவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடையெலும்பு முறிந்த இளைஞர். வெளியே இரத்தம் தெரியாவிட்டாலும், தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் கசிந்திருக்கலாம். உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான். இழப்பை ஈடுகட்ட அவருடைய இரத்தக் குழாய்கள் இறுகியிருக்கும். முதுகு ஊசியோ அக்குழாய்களைத் தளர்த்திவிடும். இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்துவிடும். ஆகவே முதலில் இரத்தம் ஏற்றி நிலையைச் சீராக்குவார்கள். பிறகு பெரும்பாலும் முழு மயக்கமே. வயிறு நிறைந்திருக்கும் என்று கொண்டு, முன்னதாக ஆக்சிஜன் கொடுத்து, விரைந்து மயங்க வைத்து, உடனே மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்தி அதன் காற்றுப்பையால் வழியை அடைத்துவிடுவர். 1962 இல் உருவாக்கப்பட்ட கெட்டமின் இங்குக் கைகொடுக்கும். பிற மயக்க மருந்துகள் பலவற்றைப் போல அது இரத்த அழுத்தத்தை அதிகம் இறக்குவதில்லை.

மூன்றாமவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி. முதியோருக்கு முதுகு ஊசியே பாதுகாப்பானது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2021 இல் வெளியாயிற்று. 60 நாட்களில் இறந்தவர்கள், துணையின்றி நடக்க இயலாதவர்கள் ஆகியோரைச் சேர்த்துப் பார்த்தால் இரு முறைகளிலும் ஏறத்தாழ 18 விழுக்காடே. எனவே அந்த மூதாட்டியின் இதயம், நுரையீரல், உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்த்தே முறை தேர்ந்தெடுக்கப்படும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராயின், ஊசி பட்ட இடத்தில் இரத்தம் தேங்கித் தண்டுவட நரம்புகளை அழுத்தக்கூடும்.

முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் முதுகுவலி என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். நீடித்த முதுகுவலிக்கு இவ்வூசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசித் துளை வழியே நீர் கசிவதால் சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வரலாம். தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த பீயருக்கும் அது வந்தது!

நீங்கள் செய்யக்கூடியவை

அடிபட்டவருக்கு உடனே சோடாவோ காப்பியோ வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். அன்பினால் செய்வதாயினும் அறுவை தேவைப்படுபவருக்கு அது தீங்காக முடியலாம்; மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தராதீர்கள். கடைசி உணவின் நேரம், விபத்து நிகழ்ந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாத மருந்து, முன்பு மயக்கம் கொடுத்தபோது நேர்ந்த தொல்லை, பொய்ப்பல் ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஏற்ற ஒரே மயக்கமுறை என்று எதுவும் இல்லை. உரிய முறையைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவருக்கு, நீங்கள் தரும் உண்மையான விடைகள் பெருந்துணையாகும்.