நாலு மூலைக்கு நாலு பேர்

ரப்பர்ப் பால் பட்ட துணி போர்வைக்கு ஆகாது. ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்த பெண்களிடம் பழைய சேலைப் போர்வையைப் பற்றிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். பால் காய்ந்தால் துணி விறைத்துக்கொள்ளும், கறுத்துப்போகும். எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது, வாடையும் போகாது. அதனால் பால் வெட்டப் போகும்போது கட்டிய கைலியும் சட்டையும் கிழிந்தால் அடுப்படிக் கரித்துணிதான். போர்வைக்குப் போனவை வேறு. மூன்று தீபாவளிக்கு முன்னால் எடுத்த வாயில் சேலை, தாத்தாவின் வேட்டி, கோதுமை மாவு வந்த வெள்ளைப் பை, ஒரே சுருளில் வெட்டி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தைத்த பூப்போட்ட துணியின் மிச்சம். அந்தக் காலத்தில் அக்காவின் கவுனும் தம்பியின் சட்டையும் தலையணை உறையும் ஒரே பூவாக இருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதை.

வேலை நேரமும் இந்தத் தையலுக்குத் தோதாக அமைந்தது. பால் விடியலில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போனவர்கள் மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். குளியல், சமையல் போக, விளக்கு வைக்கும் வரை கொஞ்சம் பொழுது மிஞ்சும். அப்போதுதான் லயத்து வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் பாய் விரியும்.

முறை எளிது. நைந்த சேலையை மடித்து விரிப்பார்கள். ஓட்டை விழுந்த இடங்களில் துண்டுகளை வைத்து மறைப்பார்கள். மேலே கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கும் சேலையைப் போர்த்தி, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு வருவார்கள். பஞ்சு வைப்பதில்லை. நம் ஊர் ஈரத்தில் பஞ்சு காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். நான்கைந்து அடுக்குப் பழைய பருத்தி போதும். டிசம்பர் மழையில் பலகைச் சுவரின் இடுக்கு வழியே வரும் குளிரை அது தாங்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்.

ஒரே ஒரு சங்கடம், அடுக்குகள் நகர்ந்துவிடும். ஒருத்தி தனியாக உட்கார்ந்து தைத்தால் கீழ்த்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், நடுவில் சுருக்கம் விழும். நாலு மூலைக்கு நாலு பேர் உட்கார்ந்து, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே சமயத்தில் நடுவை நோக்கித் தைத்து வந்தால்தான் போர்வை நேராக நிற்கும். அடுத்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டது சிநேகத்துக்காக என்று நாம் இப்போது அழகாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் துணிதான் அவர்களைக் கூப்பிட்டது. வந்து உட்கார்ந்த பிறகு வாய் சும்மா இருக்குமா? மண்டோரின் அதட்டல், யார் வீட்டுப் பெண்ணை யார் கேட்டு வந்தார்கள், எவள் கணவன் சம்பளத்தில் பாதியைக் கள்ளுக்கடையில் விட்டான் எல்லாம் ஓடும். இன்று இவள் போர்வை, அடுத்த வாரம் அவள் போர்வை என்று முறை வரும். பிரசவம் நெருங்கிய வீட்டுக்கு முன்னுரிமை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், பழந்துணிதான் உடம்புக்கு ஆகும் என்பது ஊர் வழக்கம். ஆகவே பல வீட்டுப் பழந்துணி அந்த ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

இதற்கும் முந்திய தலைமுறைக்கு ஒட்டுப்போடத் துணியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் மலாயாவுக்குள் துணி வரத்து அறுந்துபோனது. ஆயிரக்கணக்கான ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்விட, தோட்டத்தில் மிஞ்சியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று சாக்கை உடுத்தினார்கள். அந்தக் காலத்தைக் கடந்து வந்த பாட்டிகள் ஒரு சாண் துணியைக்கூட வீசமாட்டார்கள். தகர டப்பாவில் பொத்தான், இன்னொன்றில் பிரித்தெடுத்த நூல், துணிமூட்டையில் சேர்த்து முடிந்த துண்டுகள். எங்கள் தலைமுறை அதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தது.

அதே 1942-ல், ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சாங்கி சிறைக்குள் வேறு ஒரு போர்வைக் கதை நடந்தது. ஜப்பானியர் அங்கே ஐரோப்பியப் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாக அடைத்திருந்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவி நிலை கணவனுக்குத் தெரியாது. எத்தல் மல்வேனி என்ற கனடாப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறங்குல வெள்ளைத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் தன் பெயரையும் நூலால் எழுத வேண்டும். 66 துண்டுகளைச் சேர்த்தால் ஒரு போர்வை. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று என்று மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தடை வராமல் இருக்க, காயம்பட்ட ஜப்பானியருக்கும் ஒன்று தைத்தார்கள். நல்ல புத்திசாலித்தனம். போர்வையைப் பார்த்த ஆண்களுக்குப் பெயர்ப்பட்டியலே கிடைத்துவிட்டது. பிரிட்டிஷ் போர்வை இன்று லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மற்ற இரண்டும் கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். அதே சிறையில் சாரணியர் சிறுமிகள் பழைய உடைகளைப் பிரித்தெடுத்த நூலால் அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து, தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகத் தைத்த போர்வையும் பிழைத்திருக்கிறது.

நம் தோட்டத்துப் போர்வை எதுவும் அப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகவில்லை. போகவும் வழியில்லை. போர்வை நைந்தால் தொட்டிலுக்குக் கீழ் விரிப்பு, அதுவும் நைந்தால் மிதியடி, கடைசியில் கரித்துணி. முழுக்க உழைத்துத் தீர்ந்துபோன பொருள் அருங்காட்சியகத்துக்கு மிஞ்சாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அடிமை வம்சத்தில் வந்த பெண்கள் பருத்திக்காட்டு வேலைக்குப் போட்ட கால்சட்டைகளை வெட்டியே போர்வை தைத்தார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006-ல் அஞ்சல்தலையாகவும் வந்தன. அவர்களுக்கு வேலைத் துணி வரலாறு ஆயிற்று. நமக்கோ அதில் பால் பட்டிருந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1950-களின் பிற்பாதியில் தோட்டத் துண்டாடல், அதாவது தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்பது, தொடங்கியது. துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கப் பார்த்தார். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையிலும் பாதி போய்த் தாமான்கள் வந்தன. கூலாய், ஸ்கூடாய், மாசாய் என்று மக்கள் சிதறினார்கள். பெண்கள் தொழிற்சாலை வேலைக்கும், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஷிப்டு மாறி மாறி வந்தால் அஞ்சடியில் யார் உட்காருவது? தாமான் வீட்டுக்கு அஞ்சடியும் இல்லை, இரும்புக் கதவுதான். தவணையில் வாங்கிய சிங்கர் மெஷினும் மூலைக்குப் போய் அதன்மேல் தொலைக்காட்சி ஏறியது. பாசார் மாலாமில் பளபளவென்று பாலியஸ்டர் கம்பளி மலிவாகக் கிடைத்தது. ஒட்டுப்போட்ட போர்வையை விருந்தாளி வரும்போது ஒளித்து வைத்தோம். ஏழ்மையின் அடையாளத்தை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்கவில்லை. அதில் தவறும் இல்லை.

ஒளித்து வைத்ததன் அருமை வெள்ளத்தில் தெரிந்தது. கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கிய 2006 டிசம்பர் வெள்ளத்தில், ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். மெத்தையும் தடித்த கம்பளியும் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் அவற்றைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய பருத்திப் போர்வையை அலசிப் பிழிந்து கொடியில் போட்டால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். பாட்டிகள் சேர்த்து வைத்ததில் விஷயம் இருந்தது.

இன்றைக்கு வருவோம். ஜொகூரில் துண்டுத்துணிக்குப் பஞ்சமே இல்லை. பத்து பகாட் வட்டாரம் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து கழிவுத்துணி மூட்டை மூட்டையாக வெளியே வருகிறது. மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெர்ச்சா என்பார்கள், நாமும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். டீ-சட்டை தைத்து மிஞ்சும் பின்னல் துணி இழுபடும். போர்வையில் சேர்த்தால் மூன்றாவது சலவையில் மூலை கோணிக்கொள்ளும். அது மிதியடிக்கும் பட்டறையில் எண்ணெய் துடைக்கவும் சரி. போர்வைக்கு நெய்த பருத்தித் துண்டுதான்.

மறுபடி பலரை மெஷின் முன்னால் உட்கார வைத்தது கொரோனா. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பாலம் அடைபட்டு, தினமும் போய்வந்த கணவனும் மகளும் அக்கரையிலேயே தங்கினார்கள். ஆகஸ்டில் முகக்கவசம் கட்டாயமானபோது வீட்டிலிருந்த துண்டுகள் எல்லாம் முகக்கவசமாயின. முகக்கவசம் தைக்கத் தூசு தட்டிய மெஷின், பிறகு மூலைக்குத் திரும்பவில்லை.

இப்போது தாமான் வீடுகளில் கூடித் தைக்கும் பெண்களைப் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சிங்கப்பூரில் வேலை செய்பவர், எதிர்வீட்டு மாக்சிக், கடையை மூடிவிட்ட சீனத் தையல்காரம்மா என்று கலந்த கூட்டம். கூட்டம் சேர்வதற்கே நாள் அகப்படாமல் இருந்தது. 2014-லிருந்து ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, சிங்கப்பூர் வேலைக்காரர்களுக்கு ஞாயிறு. இங்கே வேலை செய்பவருக்கு ஓய்வென்றால் அக்கரையில் வேலை செய்பவருக்கு வேலை. 2025 ஜனவரி முதல் மாநிலம் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. ஒட்டுப்போர்வைக்கு அரசாங்கம் செய்த உதவி என்று இதைத்தான் சொல்லவேண்டும்!

ஞாயிறு மத்தியானம் தரையில் துண்டுகளைக் கொட்டுவார்கள். கறிபாப்பும் தேநீரும் ஒரு ஓரம்; எண்ணெய்க் கையோடு துணியைத் தொட்டால் வசவு விழும். அப்புறம் பேரம்.

“அக்கா, இந்தச் சிவப்ப யாரும் எடுக்கலையே, நான் எடுத்துக்கவா?”

“எடுத்துக்கம்மா. என் மக கல்யாணத்து ஜாக்கெட்டுத் துணி அது. பாத்து வெட்டு.”

அந்தச் சிவப்பு இன்னொருத்தி வீட்டுப் போர்வையின் நடுச்சதுரமாகும். அதைச் சுற்றி ஒரு பக்கம் வெளிர், ஒரு பக்கம் அடர்நிறம் என்று பட்டைகளை அடுக்கிக்கொண்டே போவது லாக் கேபின் என்ற வகை. யூடியூபைப் பார்த்து எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். நீளம் குறைந்த துண்டுக்கும் அதில் இடமுண்டு. கால் அங்குலத் தையல் பிசகினால் மட்டும் சதுரம் சதுரமாக நிற்காது. பிரிக்க வேண்டியதுதான், பிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஊர்க்கதை.

இந்தக் கூட்டத்துக்குத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. அடுக்கு நகராமல் இருக்க ஊக்கு இருக்கிறது, ஒட்டும் ஸ்ப்ரே இருக்கிறது, துணியை மேலும் கீழும் சேர்த்து இழுக்கும் மெஷின் பாதம் இருக்கிறது. ஒருத்தி தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் போர்வையையும் முடித்துவிடலாம். மூலையைப் பிடிக்க ஆள் வேண்டாம். இருந்தும் வருகிறார்கள். அன்று வேலை ஆட்களைச் சேர்த்தது, பேச்சு கூடவே வந்தது. இன்று பேசுவதற்காக வந்து சேர்கிறார்கள், வேலை கூடவே வருகிறது. எது உசத்தி என்று கேட்டால், விரும்பி வந்த கூட்டத்துக்கே என் ஓட்டு. லயத்து வாழ்க்கையின் நெருக்கத்தை நினைத்து உருகுகிறவர்கள் அந்தக் கூரையின் ஒழுக்கையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒவ்வாதது ஒன்று உண்டு. கடையில் புதுத்துணியைக் கெஜத்துக்கு நல்ல விலை கொடுத்து வாங்கி, அதைத் துண்டாக்கி, மறுபடி சேர்த்துத் தைப்பது. நிறம் பொருந்தும், படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் துண்டைக் காட்டி “இது யாருடையது?” என்று கேட்க முடியாது. வீட்டுப் பீரோவில் அம்மாவின் சேலைகள் மடிப்பில் நைந்துகொண்டிருக்க, வெளிநாட்டுப் பூத்துணிக்கு எதற்குச் செலவு?

ஆகவே அந்தச் சேலைகளை நன்கொடைப் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, எடுத்து வையுங்கள். உருகிக் குண்டுமணியாகச் சுருண்டால் பாலியஸ்டர், அது போகட்டும். பருத்தியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். முடித்த போர்வையின் பின்பக்க மூலையில், யாருடைய சேலை, எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். பேனாவால் எழுதினால் சலவையில் போய்விடும், நூலாலேயே எழுதுங்கள்.