கரடிக்குப் பற்பசையும் உணவுதான்!

இரவு உணவு முடிந்தது. மீதமிருந்த ரொட்டியைப் பையில் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் படுத்துவிட்டீர்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவில் இப்படிச் செய்தால், 5,000 டாலர் வரை அபராதம் கட்ட நேரிடலாம்! அங்கு வாழும் 300 முதல் 500 கருங்கரடிகளே அதற்குக் காரணம்.

கருங்கரடி மனிதரை வேட்டையாட அலையும் விலங்கு அன்று. புல், பழம், கொட்டை, பூச்சி ஆகியவையே அதன் முக்கிய உணவு. யோசமிட்டியில் கருங்கரடி தாக்கி ஒருவர்கூட இறந்ததில்லை. அப்படியிருக்க, ஏன் இவ்வளவு கண்டிப்பு?

வயிறு கேட்கிறது, மூக்கு தேடுகிறது

குளிர்காலத்தில் கரடிகள் உண்ணாமல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். அதற்கு வேண்டிய கொழுப்பை இலையுதிர் காலத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உண்ணும். ஒரு மனிதரின் தேவையைப்போல் இது ஏறக்குறைய பத்து மடங்கு.

காட்டில் ஓக் மரக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்ன மணிக்கணக்காகும். முகாமில் கிடக்கும் நிலக்கடலை வெண்ணெய்ப் புட்டியோ சில நிமிட வேலைதான். ஒருமுறை ருசி கண்ட கரடி மறுபடியும் வரும். மணக்கும் எதுவும் அதற்கு உணவாகவே படும். பற்பசை, சோப்பு, வெயில் தடுப்புக் களிம்பு, காலி டின், குப்பைப் பை எல்லாமே அதில் அடக்கம்.

1998ஆம் ஆண்டில் மட்டும் யோசமிட்டியில் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. சேதம் 600,000 டாலரைத் தாண்டியது. கரடிகள் கார்க் கதவை வளைத்து, கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தன. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட 908 வாகனங்களை ஆராய்ந்தபோது, கரடிகள் மற்ற வாகனங்களைவிட மினிவேன்களையே அதிகம் நாடியது தெரிந்தது. சிறுபிள்ளைகள் இருக்கைகளில் சிந்தும் தின்பண்டங்கள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

முடியில் எழுதிய நாட்குறிப்பு

கரடி என்ன தின்றது என்பதை அதன் முடியே சொல்லிவிடும். மக்காச்சோளம் கலந்த மனித உணவில் சற்றுக் கனமான கரிம அணுக்கள் அதிகம். இறைச்சியில் கனமான நைட்ரஜன் அணுக்கள் அதிகம். இந்த அணுக்களை ஐசோடோப்புகள் என்போம். உண்ட உணவிலிருந்து அவை வளரும் முடியில் போய்ச் சேர்கின்றன.

அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கரடி முடிகளையும் புதிய முடிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் உணவில் 1915–1919 காலத்தில் சுமார் 13 விழுக்காடு மனித உணவாக இருந்தது. 1975–1985இல் அது 35 விழுக்காடானது. 1999க்குப் பிறகு மீண்டும் 13 விழுக்காட்டுக்கு இறங்கியது.

கரடிகளா திருந்தின? இல்லை, மனிதர்கள் திருந்தினார்கள். 1999 முதல் கூடுதல் நிதி கிடைத்தது. கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள், கண்காணிப்பு, விழிப்புணர்வு எல்லாம் சேர்ந்து பலன் தந்தன.

முகாமில் நீங்கள் செய்ய வேண்டியவை

• கூடாரத்தில் தங்கினால், மணமுள்ள எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் தாழிடுங்கள். இரவில் காருக்குள்ளும் உணவு வேண்டாம்.

• கெட்டியான சுவருள்ள கேரவன் என்றால், உணவைக் கண்ணில் படாமல் வைத்து, கதவு, சன்னல், காற்றுத் துளை அனைத்தையும் மூடுங்கள். துணிச்சுவர் கொண்ட கேரவனும் கூடாரம் போன்றதே.

• கரடியைக் கண்டால் ஓடாதீர்கள். அது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்! காட்டுப் பாதையில் குறைந்தது 45 மீட்டர் தள்ளி நில்லுங்கள். முகாமுக்குள் கருங்கரடி வந்தால், எல்லாரும் சேர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, உரக்கக் கத்தி விரட்டுங்கள்.

• இது கருங்கரடிக்கான முறை. யெல்லோஸ்டோன் போன்ற இடங்களில் வாழும் கிரிஸ்லி கரடியிடம் கத்தக்கூடாது. மெதுவாகப் பின்வாங்க வேண்டும். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அதன் விதிகளை முதலில் படியுங்கள்.

யாருக்குப் பாதுகாப்பு?

மனித உணவுக்குப் பழகிய கரடிக்கு மனிதரிடம் உள்ள அச்சம் போய்விடும். ஆபத்தானது என்று முடிவானால், அதிகாரிகள் அதைக் கொல்ல நேரிடும். நீங்கள் தாழிடும் பெட்டி உங்களோடு கரடியின் உயிரையும் காக்கிறது.

நம் ஊர்க் குரங்குகளுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் வனவிலங்குகளுக்கு அனுமதியின்றி உணவளிப்பது சட்டப்படி குற்றம். அடுத்த முறை பூங்காவில் ஒரு குரங்கு உங்களை நோக்கிக் கை நீட்டினால், உங்கள் தின்பண்டப் பை நன்றாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.