மேன்டல் தட்டில் தோரணம், கீழே நெருப்பு

அக்டோபர் பிறந்துவிட்டால் இங்கிலாந்தில் கணப்புள்ள வீடுகளின் வரவேற்பறை மாறத் தொடங்கிவிடும். பூங்காவில் பொறுக்கிய மேப்பிள் இலை, பைன் காய், சின்னப் பூசணி எல்லாம் கணப்புக்கு மேலிருக்கும் மேன்டல் தட்டில் ஏறும். டிசம்பரில் ஹாலி, ஐவி, பஞ்சில் செய்த பனி. ஈஸ்டருக்கு வண்ணம் தீட்டிய முட்டை ஓடும் காகித டாஃபடிலும். கோடையில் தீ மூட்டாத கணப்புக் குழிக்குள்ளேயே உலர்ந்த பூங்கொத்து. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கத்துப் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் சிலருக்கு, சாமி படமும் தீபாவளி அகல்விளக்கும் வைக்க வாய்த்த இடமும் அதே தட்டுதான்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கையால் செய்யும் அருமையான வேலை இது. நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. ஆனால் தட்டுக்குக் கீழே இருப்பது அடுப்பு. அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்க வாடகைதாரருக்குச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் போக வேண்டும்.

ஆரஞ்சுத் தோரணத்தையே எடுத்துக்கொள்வோம். பழத்தை மெல்லிய வட்டங்களாக நறுக்கி, அவனில் குறைந்த சூட்டில் பல மணி நேரம் காயவைத்து, ஊசியால் சணல் கயிற்றில் கோப்பார்கள். விளக்கு வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு சுளையும் தனித்தனியாகத் தெரியும். பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் ஈரம் போன பழம், காய்ந்த சணல், இடையிடையே செருகிய பிசின் கசியும் பைன் காய், யூகலிப்டஸ் இலை என்று அதில் உள்ள ஒவ்வொன்றும் எளிதில் பற்றக்கூடியது. கணப்பிலிருந்து மேலெழும் சூடு அதை மேலும் மேலும் உலர்த்துகிறது. கட்டிய அன்று இருந்ததைவிடச் சில வாரம் கழித்து அதே தோரணம் ஆபத்தானது. உலர்ந்த பாம்பாஸ் புல்லும் பஞ்சுப் பனியும் இன்னும் மோசம். ஒட்டுப்பட்டை வைத்த கொக்கிகளையும் நம்ப வேண்டாம். சூட்டில் பசை இளகினால் தோரணம் நேராக நெருப்பின் முன்தான் விழும்.

எரியக்கூடிய எதையும் நெருப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள் என்பது தீயணைப்புத் துறையினர் வழக்கமாகச் சொல்வது. மேன்டல் தட்டோ பெரும்பாலும் அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது! அமெரிக்கக் கட்டட விதிகள் மரச் சட்டத்துக்கே கணக்கு வைத்திருக்கின்றன. கணப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியும் பொருள் எதுவும் கூடாது. 12 அங்குலத்துக்குள் இருப்பது, ஒவ்வோர் அங்குலத் தொலைவுக்கும் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் முன்னே நீட்டக் கூடாது. பதமாக அறுத்த மரத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் காய்ந்த இலைக்கு என்ன சொல்வது? தீ மூட்டும் நாளில் தொங்குவதையெல்லாம் கழற்றிவிடுங்கள். கழற்ற மனமில்லை என்றால் அன்று தீ மூட்டாதீர்கள். அகல்விளக்கையும் மெழுகுவத்தியையும் தோரணமே இல்லாத வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள். பழசான தோரணத்தையும் பரிசுப்பொருள் சுற்றிய காகிதத்தையும் கணப்பில் போட்டு எரிக்கவே கூடாது. குப்பென்று எழும் தழல், புகைபோக்கியில் படிந்திருக்கும் கரியைப் பற்றவைத்துவிடும்.

கேஸ் கணப்பு உள்ள வீடுகளில் வேறோர் ஆபத்து உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கணப்பின் அடிப்பக்கத்திலும் அறைச் சுவரிலும் காற்றுப் போகத் துளைகள் இருக்கும். அவற்றை மறைத்துப் பூங்கொத்தையோ பஞ்சையோ வைத்தால் வாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே போனதும் சரியாகி, வீட்டுக்குள் வந்ததும் திரும்பினால், ஃப்ளூ என்று படுத்துவிடாதீர்கள். கணப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். உடனே மருத்துவரையும் பாருங்கள்.

மெழுகுவத்தி வேண்டாம் என்று பாட்டரி விளக்குக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகளுக்குள் நாணயம் போன்ற லித்தியம் பாட்டரி இருக்கிறது. குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். பொம்மைகளில் பாட்டரி மூடியை எளிதில் திறக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். அலங்கார விளக்கு பொம்மைக் கணக்கில் வருவதில்லை. மூடி தானாகத் திறந்துகொள்ளும் விளக்கைக் கண்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

பழைய மேன்டலைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களும் கவனியுங்கள். 1960-களுக்கு முந்திய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். கணப்பை அடைத்திருக்கும் பழைய பலகை அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தெரியாமல் தேய்க்கவும் துளைக்கவும் கூடாது.

இனி வீட்டுக்காரரின் கடமை. சொல்லப்போவது இங்கிலாந்துக்கான சட்டம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. வசிக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல், கேஸ் கணப்போ விறகு அடுப்போ பொருத்தியிருக்கும் ஒவ்வொரு வசிப்பறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அழகுக்காக மட்டும் விட்டுவைத்த, எரிக்கவே முடியாத கணப்புக்கு இது பொருந்தாது. குடிவரும் நாளில் அலாரம் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் சோதிக்க வேண்டும். பழுது என்று நீங்கள் சொன்னால் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். கேஸ் கணப்பை ஆண்டுக்கு ஒரு முறை, கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள பொறியாளரைக் கொண்டு சோதித்து, 28 நாளுக்குள் அந்தச் சான்றின் நகலை உங்களுக்குத் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு, வரும் முன்பே தர வேண்டும்.

தரவில்லை என்றால் வாயால் கேட்டதோடு விடாதீர்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கேளுங்கள், தேதி நிற்கும். பதில் இல்லையா, கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்குப் புகார் செய்யுங்கள். அலாரம் விஷயத்தில் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பும். 28 நாளில் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், உங்கள் சம்மதத்தோடு கவுன்சிலே பொருத்தித் தரலாம். அவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம். கேஸ் சான்று தரவில்லை என்றால் உடல்நலம், பாதுகாப்புக்கான அரசு அமைப்பான எச்.எஸ்.ஈ.யிடம் சொல்லலாம். காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. காரணம் சொல்லாமலே வெளியேற்ற வழிவிட்ட, வீட்டுவசதிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை ஒழிப்பதற்காகவே 2025-இல் வாடகைதாரர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனங்கள் இரண்டும் இலவசமாக ஆலோசனை தருகின்றன.

டெபாசிட் விஷயம் ஒன்று பாக்கி. மேன்டலில் ஆணி அடிக்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அலங்கரிக்கும் முன்பும் கழற்றிய பின்பும் படம் எடுத்து வையுங்கள். வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் வீட்டுக்காரர் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் நீதிமன்றத்தில் அதே தொகையைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம். பதிந்திருந்தால், ஆணித் துளைக்காகப் பிடித்த பணம் நியாயம்தானா என்ற தகராறை அந்தத் திட்டமே இலவசமாக விசாரித்துத் தீர்த்து வைக்கும்.