மலைப்பாதையும் பழைய ஜீப் வண்டியும்

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு விலகி, ஏதேனும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கை நோக்கி ஏறிச் செல்பவர், சிறிது நேரத்திலேயே தாரிட்ட பாதை முடிந்து கல்லும் சேறும் கலந்த பாதை தொடங்குவதைக் காண்பர். ஒரு பக்கம் வெட்டப்பட்ட மலைச்சரிவு; மறு பக்கம் பள்ளம். மலையை வெட்டி எடுத்த மண்ணையே வெளிப்பக்கத்தில் கொட்டிப் பாதையின் மற்றப் பாதியை அமைப்பது மலைநாட்டு வழக்கம். ஆதலால் உள்பாதி உறுதியான நிலமாகவும், வெளிப்பாதி நிரப்பிய மண்ணாகவும் இருக்கும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவமழையில் இளகுவது அந்த வெளிப்பாதியே.

இத்தகைய பாதைகளில் இன்றும் ஊர்ந்து கொண்டிருப்பவை பழைய ஜீப் வண்டிகளும் லாண்ட் ரோவர் வண்டிகளுமேயாம். கொழுந்துச் சாக்கும் உரமூட்டையும் ஏற்றுவதோடு அவற்றின் பணி முடிவதில்லை. நள்ளிரவில் பேறுவலி கண்ட பெண்ணையோ, காய்ச்சலில் துவளும் குழந்தையையோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமானால், மேற்கணக்கிலே கிடைக்கும் வாகனம் பெரும்பாலும் இதுவே. ஆகவே, அந்த வண்டியை உயர்த்துவது, அதன் ஸ்டியரிங் உறுப்புகளை மாற்றுவது என்பன அதன் சொந்தக்காரரின் விருப்பத்தை மட்டும் பொறுத்த காரியங்களாக இருக்க முடியாது. பின்னாலே அமர்ந்திருப்பவர்களின் உயிரும் அவற்றைப் பொறுத்ததே.

லாண்ட் ரோவர் முதன்முதலாக உலகத்தார் பார்வைக்கு வைக்கப்பட்டது 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் திகதி, ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியிலேயாகும். அதன் முதல் வரிசை 1958 வரையும், இரண்டாம் வரிசை 1971 வரையும், மூன்றாம் வரிசை 1985 வரையும் செய்யப்பட்டன. இம்மூன்று வரிசைகளுக்கும் பொதுவானது, தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் பட்டை. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பும் அவ்வகையானதே. 1983இல் வெளிவந்த வண்டியிலிருந்துதான் லாண்ட் ரோவருக்குச் சுருள் ஸ்பிரிங் வந்தது. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வண்டிகளைப் பேணும் கலை முன்னிலும் அவசியமாயிற்று.

இதில் நாம் தனியர் அல்லோம். தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங் மலைகளிலும், மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்ஃபூ சிகரத்துக்கு ஏறும் பாதையில், 1950களில் பிறந்த லாண்ட் ரோவர்கள் நெடுங்காலமாகப் பிரயாணிகளைச் சுமந்து வந்திருக்கின்றன. முறையாகப் பேணினால் இவ்வண்டிகள் எத்துணைக் காலம் உழைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இனி, விஷயத்துக்கு வருவோம். பழைய வண்டியொன்றை வாங்கியவர் முதலில் விரும்புவது யாது? “வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்” என்பதே. கல்லிலே அடிபடாமல் போகலாம் என்று அவர் எண்ணுகிறார். ஆனால், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தும்போது உயர்வது சட்டமும் உடலுமேயாகும். அச்சும், அச்சின் நடுவே குடம்போல் தொங்கும் டிபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கல்லிலே மோதுவது அந்தக் குடமேயன்றோ? அதனை உயர்த்துவது டயர் ஒன்றே. எடுத்துக்காட்டாக, 6.00-16 அளவுள்ள டயரை நீக்கி 7.50-16 அளவுள்ளதைப் பூட்டினால், டயரின் விட்டம் ஏறத்தாழ மூன்றரை அங்குலம் கூடும். அச்சு அதில் பாதியளவு உயரும். எனினும் பெரிய டயர் இலவசமாக வருவதில்லை. ஏற்றத்தில் இழுவை குறையும்; இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை மிகும்; ஸ்டியரிங் கனக்கும்; வேகமானி உண்மையிலும் குறைந்த வேகத்தையே காட்டும்.

உயர்த்துவதால் வரும் மற்றொரு விளைவு சாய்வு. இரண்டாம், மூன்றாம் வரிசை லாண்ட் ரோவர்களின் இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையேயுள்ள அகலம் 51½ அங்குலம். கணக்குக்காக, வண்டியின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து 30 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வண்டி அசையாது நிற்கையில், ஏறத்தாழ 40 பாகை சாய்ந்தால் கவிழும். நான்கு அங்குலம் உயர்த்தினால் அது 37 பாகையாகக் குறையும். மூன்று பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் இது வெறுமையாக நிற்கும் வண்டிக்குப் போட்ட கணக்கு. பின்னாலே எட்டுப் பேர் அமர்ந்து, கூரைமேல் மூட்டை ஏறி, பள்ளப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கி, வெளிச்சில்லு இளகிய மண்ணிலே ஓரடி இறங்கும்போது, கணக்கிலே மிஞ்சியிருந்த பாகைகள் ஒவ்வொன்றாகச் செலவாகிவிடும். அப்போது அந்த மூன்று பாகையின் அருமை விளங்கும்.

ஆகவே, மலைநாட்டுப் பாதைக்கு வண்டியை ஆயத்தம் செய்பவர் கைக்கொள்ள வேண்டிய வரிசை இது: முதலில் ஸ்டியரிங், அடுத்து, வண்டி பிறந்தபோதிருந்த உயரத்தை அதற்கு மீட்டுக் கொடுத்தல், அதன் பின்னரும் தேவை இருந்தால் மட்டும், சிறிதளவு உயர்த்துதல். பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனர்.

ஸ்டியரிங்கைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங் சில்லை இடமும் வலமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். தண்டு அசைந்தும் அதனோடு இணைந்த கை அசையாதிருக்குமாயின், அவ்விடத்து போல் ஜொயின்ட் தேய்ந்தது என்று அறியலாம். பின்னர் முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, சட்டத்துக்கு உறுதியான முட்டுக் கொடுத்து, அச்சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லின் பெயரிங்கில். நில்லாவிட்டால் குற்றம் சில்லு திரும்பும் முளையில்.

பழைய லாண்ட் ரோவருக்கே உரிய உறுப்பொன்று உண்டு. அது முன்புறக் குறுக்குச் சட்டத்தினுள்ளே செங்குத்தாகப் புதைந்திருக்கும் ஸ்டியரிங் ரிலே. எண்ணெய் வற்றிப் போவதே அதன் வழக்கமான நோய். எண்ணெயை நிரப்பி, கசிவை நிறுத்தினால் பெரும்பாலும் போதும். அதனைக் கழற்றிப் பிரிக்க முனைவோர் ஒன்றை நினைவிற்கொள்க. அதனுள்ளே இறுக அமுக்கப்பட்ட வலிய சுருள் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. முறையறியாது திறந்தால் அது துப்பாக்கிக் குண்டுபோற் பாய்ந்து முகத்தையே சிதைத்துவிடக்கூடும். அறிந்த கைகளிடமே அதை ஒப்படைப்பது நன்று.

ஸ்டியரிங் நடுங்குகிறதென்று ஸ்டியரிங் டம்பர் ஒன்றை வாங்கிப் பூட்டுவோரும் உளர். தேய்ந்த மூட்டுகளை அப்படியே விட்டு டம்பரைப் பூட்டுவது, காய்ச்சலின் காரணத்தை ஆராயாமல் நெற்றியில் ஈரத்துணி இடுவதை ஒக்கும். நடுக்கம் மறையும், நோய் வளரும்.

வண்டியை உயர்த்தும்போது ஸ்டியரிங்குக்கு நேர்வது யாது என்பதையும் அறிய வேண்டும். சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். அதன் மேல்முனை ஓட்டுபவரை நோக்கிப் பின்சாய்ந்திருக்கிறது. அச்சாய்வினாலேயே கையைத் தளர்த்தினாலும் சில்லு நேரே ஓடுகிறது. மோட்டார் வண்டியில் இதனைக் காஸ்டர் கோணம் என்பர். பழைய லாண்ட் ரோவருக்கு அது 3 பாகை. ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் ஷெக்கிளை நீளமாக்கி உயர்த்தினால், ஸ்பிரிங் ஒருபுறம் சாய்ந்து அச்சும் உடன் திரும்பும். ஷெக்கிள் எந்த முனையில் இருக்கிறதோ அதற்கேற்பக் காஸ்டர் கூடும் அல்லது குறையும். குறைந்தால் வண்டி நேரே ஓட மறுத்து அலையும். மேலும், இரண்டங்குலம் நீண்ட ஷெக்கிள், நடுவிலே அமர்ந்த அச்சின் இடத்தில் ஏறத்தாழ ஓரங்குல உயர்வையே தரும். கிடைப்பது சிறிது, இழப்பது பெரிது.

இன்னொன்று: சட்டத்திலிருந்து சில்லை நோக்கிச் செல்லும் ஸ்டியரிங் தண்டு, வண்டி பிறந்தபோது கிடைமட்டத்துக்கு அண்மையில் இருக்கும். உயர்த்தியபின் அது சரிந்து நிற்கும். அந்நிலையில் சில்லு ஒரு கல்லின்மேல் ஏறினால், அத்தண்டு சில்லைத் தானே தள்ளித் திருப்பிவிடும். சாரதி கையை அசைக்காமலே வண்டி ஒரு பக்கம் வெட்டும். பத்தடி அகலப் பாதையில், பள்ளத்தை ஒட்டிச் செல்கையில், இவ்வெட்டு எதில் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் எதனைத் தெரிவு செய்வது? பழைய வண்டிகளிற் பெரும்பாலானவை பல ஆண்டு பாரம் சுமந்து, தகடுகள் தளர்ந்து, தம் உயரத்தை இழந்தவை. அளவான புதிய ஸ்பிரிங்கும் புதிய புஷ்ஷும் இட்டாலே வண்டி நிமிர்ந்துவிடும். உயர்த்த வேண்டும் என்று வந்தவர் பலருக்கு இதுவே போதும். வாங்கும்போது ஒன்று கவனிக்க. இவ்வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங்குக்கும் மறுபக்கத்து ஸ்பிரிங்குக்கும் வளைவிலே வேறுபாடு உண்டு. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்கென அடுக்கிய சோடியை அப்படியே இங்கு பூட்டினால் வண்டி ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். சற்று மென்மையும் உயரமும் வேண்டுவோர் பரவளைவு ஸ்பிரிங்கை நாடலாம். அதிலே தகடுகள் சில. ஒவ்வொன்றும் நடுவில் தடித்து முனைநோக்கி மெலியும். தகட்டோடு தகடு உராய்வது குறைவு. உராய்வு குறைவதால் துள்ளலை அடக்கும் பொறுப்பு ஷொக் அப்சோபர் மேல் விழுகிறது. எனவே அதற்கிசைந்த ஷொக் அப்சோபரையும் உடன் வாங்க வேண்டும். தோட்டத்துப் பாரம் சுமக்கும் வண்டிக்குத் தகடுகளின் எண்ணிக்கையையும் கேட்டறிந்து வாங்குக.

வில்லிஸ் ஜீப்பிலே ஸ்பிரிங் அச்சின் கீழே இருப்பதால், அதனை மேலே மாற்றிச் சில அங்குலம் உயர்த்துவோர் உளர். அது ஸ்டியரிங் அமைப்பு முழுவதையும் திருத்தியமைக்க வேண்டிய வேலை; மலைப்பாதைக்கு அதனைப் பரிந்துரைக்க இயலாது. முன் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்துவதோ எவ்வண்டிக்கும் ஆகாது. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுகிக் கட்டை நழுவக்கூடும். சுருள் ஸ்பிரிங் வண்டிகளிலும் உயர்த்தினால் காஸ்டர் குறையும். குறுக்கே பிடித்திருக்கும் தண்டு அச்சினை ஒருபக்கம் இழுக்கும். அவற்றைத் திருத்தும் உறுப்புகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எவ்வகையில் உயர்த்தினாலும், பிரேக் குழாய் நீட்சிக்குப் போதுமா, புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகள் அளவுக்கு மேல் மடங்குகின்றனவா, ஷொக் அப்சோபர் முழுநீளமும் நீண்டு தடைப்படுகிறதா என்று பார்த்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னே சட்டத்தைப் பார்க்க வேண்டும். லாண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை, துருவேறாது. அதன் சட்டமோ இரும்பு. வட்டவளைப் பக்கத்து மழையிலே உழைத்த வண்டியின் ஸ்பிரிங் தாங்கும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால், ஸ்பிரிங் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் சட்டத்துக்குச் செலவிடுக.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் செல்வோர், பழைய உறுப்பைக் கையோடு கொண்டு செல்வது நலம். போல் ஜொயின்ட்டுகளிலே வலமரையும் இடமரையும் உண்டு. கூம்பின் அளவும் வேறுபடும். வெளியே ஒன்றுபோல் தோன்றுவன உள்ளே பொருந்தாமற் போகும். ஸ்பிரிங்கைப் பழையதாக வாங்க நேரினும், ஸ்டியரிங் மூட்டுகளைப் பழையனவாக வாங்கலாகாது. வளைந்த ஸ்டியரிங் தண்டைச் சூடாக்கி நிமிர்த்துவதும், முறிந்த கையை வெல்டிங் செய்து ஒட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். பழுக்கக் காய்ந்த உருக்கு தன் பழைய வலிமையோடு திரும்புவதில்லை.

வேலை முடிந்தபின், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி அம்மாற்றம் செல்லுமா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது கடமை. யூ போல்ட்டுகளை முதல் நூறு மைலுக்குள் மீண்டும் இறுக்க வேண்டும். பிறகு பாரமின்றி ஒருமுறையும், வழக்கமான பாரத்தோடு ஒருமுறையும், பட்டப்பகலில் அதே தோட்டப் பாதையில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். திருப்பிய ஸ்டியரிங் தானே நடுவுக்கு மீள்கிறதா? கல்லேறும்போது கை இழுக்கப்படுகிறதா? இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் ஒதுங்குகிறதா? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைத்த பின்னரே அவ்வண்டியில் பிறரை ஏற்ற வேண்டும். என்றோ ஓர் இரவில், மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த வேளையில், யாரேனும் லயத்திலிருந்து ஓடிவந்து அவ்வண்டியின் கதவைத் தட்டுவர். அப்போது சோதித்துப் பார்க்க நேரம் இராது.