மணலில்தான் டாஃபுக்கு நன்றாகத் தெரிய வேண்டும்

தரையை ஓங்கி மிதிக்கிறாள். பாறை ஒன்று பிய்த்துக்கொண்டு எழுகிறது. கையை வீசுகிறாள், எதிரியை நோக்கிப் பாய்கிறது. பன்னிரண்டு வயது டாஃப் பிறவியிலேயே பார்வையற்றவள். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரில், மண்ணை ஆளும் கலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. (ஜேம்ஸ் கேமரூனின் நீல மனிதர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

அந்தக் கலையின் அசைவுகள் உண்மையானவை. இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி ஊன்றும் ஹுங் கர் என்ற தென்சீனக் குங்ஃபூவிலிருந்து எடுத்தவை. டாஃபுக்கு மட்டும் சூ கர் எனும் கும்பிடுபூச்சிப் பாணி. ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2,700 கிலோ இருக்கும் என்பதால், பாறை பறப்பதை இயற்பியலிடம் கேட்காமல் விட்டுவிடுவோம். கேட்க வேண்டியது அவளுடைய வெறுங்கால்களைப் பற்றி. தரையில் பரவும் அதிர்வுகளைப் பாதத்தால் வாங்கியே அவள் சுற்றுப்புறத்தைப் ‘பார்க்கிறாள்’. பாலைவனத்துக்குப் போனால் மட்டும் எல்லாம் மங்கிவிடுகிறது.

இங்கேதான் தேள் குறுக்கே வருகிறது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத் தேள் மணலுக்குள் நெளியும் இரையை அரை மீட்டர் தொலைவிலிருந்தே உணர்ந்து, அத்திசையில் திரும்புகிறது. ஆய்வாளர் பிலிப் பிரவுனெல் 1977இல் இதன் சூட்சுமத்தை விளக்கினார். மணலின் மேற்பரப்பில் அதிர்வலை விநாடிக்குச் சுமார் 50 மீட்டர்தான் நகர்கிறது. தேளின் எட்டுக் கால்களும் சுமார் 5 செ.மீ. வட்டத்தில் ஊன்றியிருக்கின்றன. எனவே அலை ஒரு பக்கக் காலைத் தொட்டபின் எதிர்ப்பக்கக் காலை எட்ட 1 மில்லி விநாடி ஆகிறது. எந்தக் காலுக்கு முதலில் சேதி வந்ததோ, அந்தப் பக்கம் இரை. 0.2 மில்லி விநாடி வித்தியாசம்கூடத் தேளுக்குப் போதும்.

டாஃபைக் கருங்கல் தரையில் நிறுத்துவோம். அங்கே மேற்பரப்பு அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 3,000 மீட்டர். பாதங்களுக்கு இடையே அரை மீட்டர் இருந்தாலும் கிடைக்கும் வித்தியாசம் 0.17 மில்லி விநாடிதான். தேளே திணறும், மனிதத் தோலுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது. அதே அகலத்தில் மணலில் நின்றாலோ 10 மில்லி விநாடி! திசையறிய அவளுக்குத் தோதான இடம் பாலைவனமே.

தொடர் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். உதிரி மணலில் துகள்கள் உரசி உரசியே அலையின் ஆற்றல் தீர்ந்துவிடும். தேளின் எல்லை அரை மீட்டரோடு நிற்பது அதனால்தான். ஆகவே தொலைவில் இருப்பவர்கள் டாஃபுக்கு மங்கலாம். காலடியில் வந்து நிற்பவனின் திசை தப்பக் கூடாது. கருங்கல் தரையில் அவள் கும்பிடுபூச்சிப் பாணியை விட்டு, ஹுங் கர்காரர்களைப் போலக் கால்களை இன்னும் அகட்டி நிற்பது நல்லது.

டாஃபைப் போலப் பாதத்தால் அதிர்வை உணரும் யானைக்கு அந்தச் சிரமமில்லை. மண்ணில் அதன் உறுமலின் அதிர்வு விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் வருகிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் 2 மீட்டர் இடைவெளி என்றால், 8 மில்லி விநாடி கையிருப்பு.