மலைக்கோட்டைப் படியும் ஒரு சிட்டிகை உப்பும்

சித்திரை மாதத்து நடுப்பகலில் திருச்சி மலைக்கோட்டை ஏறத் துணிகிறவரைப் பக்திமான் என்பதா, அசட்டுத் துணிச்சல்காரர் என்பதா? எப்படியாயினும், உச்சிப் பிள்ளையார் சந்நிதியை அடைவதற்குள் அவருடைய தேகம் ஒரு பெரிய யந்திரசாலையின் வேலையைச் செய்துவிடுகிறது.

கணக்குப் பார்க்கலாம். மலையின் உயரம் சுமார் 83 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் அவ்வளவு உயரம் ஏறத் தேவையான சக்தி ஏறக்குறைய 12 கிலோ கலோரி. ஆனால் நமது தசைகள் செலவிடும் சக்தியில் கால் பங்குதான் வேலையாக மாறும்; முக்கால் பங்கு, அதாவது 36 கிலோ கலோரி, வெறும் உஷ்ணமாகிவிடும். இரத்தம் அதைச் சுமந்துகொண்டு தோலுக்கு ஓடி வருகிறது. மார்கழியில் குளிர்ந்த காற்றே அதை வாங்கிக்கொள்ளும். கோடையிலோ காற்று தேகத்தைவிடச் சூடாயிருந்தால், கொடுக்கப் போன இடத்தில் மேலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்! அப்போது வியர்வை ஒன்றே கதி. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகையில் சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தை எடுத்துச் செல்லும். மேற்படி 36-ஐத் தீர்க்க 60 கிராம் போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர்க் கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு வியர்வை ஆறாய்ப் பெருகியும் தேகம் குளிராததற்கு இதுவே காரணம்: அங்கே காற்றுப் புகுவதில்லை.

வியர்வையோடு உப்பும் போகிறது. இழந்ததை மீட்கும் வழியை மனிதர் கற்றது, கோடையைவிடக் கொடிய வாந்திபேதியிடமிருந்து. கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்ததை 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். மேல்நாட்டார் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. காரணம் பின்னால் விளங்கிற்று. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னபடி, குடற்சுவரில் ஒரு வாயிற்காவலன் உண்டு. உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால்தான் அவன் கதவைத் திறப்பான். அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகும். 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவி, இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கலவையையே பீப்பாய் பீப்பாயாகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று.

வீட்டில் செய்வது எளிது: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கைபோன போக்கில் அள்ளிப் போடலாகாது. குழந்தைகளுக்கு அது ஆபத்து. மலை ஏறி இறங்கினவருக்கு நீர்மோரே போதும். வெயிலில் விழுந்தவர் பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ ஒன்றும் புகட்டாமல், ஈரத் துணியால் போர்த்தி விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.